குழாயில் பெயர்ச்சீட்டு: ஊசி குத்துமுன்பா, இரத்தம் எடுத்த பின்பா?

ஒருவருடைய இரத்தம் இன்னொருவர் பெயரில் ஆய்வகம் போய்ச் சேர்வதே மாதிரி சேகரிப்பில் வழக்குவரை இழுக்கக்கூடிய பிழைகளில் தலையாயது. சீட்டை முன்கூட்டியே ஒட்டிவைத்தால் காலை நேரக் கூட்டத்தில் வேலை விரைவாக நடக்கும் என்பது உண்மையே. ஆனால் அழைத்த பெயருக்கு வேறொரு லட்சுமி எழுந்து வந்து கையை நீட்டினால், தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள், பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து, அவர் கண்முன் ஒட்டுவது மற்ற முறை. மருத்துவ ஆய்வகங்களுக்கு நெறிமுறை வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு, இரத்தம் எடுப்பதற்கென வகுத்த ஜிபி41 தரநிலை, எடுத்த பின் ஒட்டுவதையே வலியுறுத்துகிறது. இதிலும் ஓட்டை உண்டு: சீட்டில்லாத குழாயோடு அடுத்தவரிடம் நகர்ந்தால் முன்னதைவிடப் பெருங்கேடு.

இந்தியாவில், வி. பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் கட்டண மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வைத்தது. ஆகவே, பிழை வழக்காகிவிட்டால், சீட்டில் எழுதும் நேரமும் எடுத்தவரின் சுருக்கொப்பமும் வெறும் சடங்கல்ல, சான்று. முன்கூட்டி அச்சிட்ட சீட்டோ அச்சிட்ட நேரத்தைத்தான் சொல்லும். இரத்தம் ஏற்றுவதற்கான பொருத்தச் சோதனைக்கு, என் கணிப்பில், இரண்டாவது முறை மட்டுமே ஏற்கத்தக்கது.