சஸ்பென்ஸ் கதைத் தொகுப்பு: கண்ணுக்கா, காதுக்கா?

இருட்டும் ரத்தமுமாக 14 கதைகள் கொண்ட ஒரு சஸ்பென்ஸ் தொகுப்பை முதலில் அச்சுப் புத்தகமாகத்தான் வாங்கினேன். ஐந்து கதை முடித்த நிலையில் கண்ணில் சின்னத் தொந்தரவு, ஒரு மாதத்துக்குப் படிப்பைக் குறைத்தாக வேண்டும் என்றாகிவிட்டது. பாதியில் விட மனம் வராமல் அதே தொகுப்பை ஒலிநூலாகவும் வாங்கி மீதி ஒன்பதைக் காதால் முடித்தேன், அதாவது எட்டரையை, பாதியில் நின்ற அந்த ஒன்றைப் பற்றி இந்தக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். கண் சரியானதும் ஏற்கெனவே படித்த ஐந்தையும் கேட்டேன், கேட்டவற்றில் மூன்றைப் படித்தேன். ஒரே சரக்குக்கு இரண்டு முறை காசு கொடுத்தது கிறுக்குத்தனம்தான். ஆனால் எதில் வாங்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இந்த வகைக் கதைக்குக் காதுதான். ஏன் என்று சொல்கிறேன், எங்கே கண் ஜெயிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களைச் சட்டென்று தாண்டிவிடலாம். ஒலிநூல் என்றால் துணி மடித்துக்கொண்டே கேட்கலாம், நடந்துகொண்டே கேட்கலாம், விளக்கு வேண்டாம். புத்தகம் என்றால் சார்ஜ் போட வேண்டாம், படித்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுக்கலாம், அலமாரியில் அழகாக நிற்கும். எல்லாம் உண்மை, ஆனால் சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் இதையேதான் சொல்வோம்.

சஸ்பென்ஸ் கதைக்கென்று இருக்கும் பிரச்சினை வேறு. கண் திருட்டுத்தனம் செய்யும்.

எட்டாவது கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வாழும் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார், சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அதை நான் முதலில் கேட்டேன். அவர் ஒவ்வொரு அறையாகப் போகிறார், ஒவ்வொரு அறைக்கும் அந்தக் குரல் ஒரே நிதானத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது. எனக்கு அவசரம், அதற்கு இல்லை. பிறகு அதே கதையை அச்சில் பார்த்தபோதுதான் எதிலிருந்து தப்பித்தேன் என்று புரிந்தது. அந்த அறைகள் இடதுபக்கத்தில் இருக்கின்றன. வலதுபக்கத்தின் நடுவில், மேலும் கீழும் வெள்ளை விட்டு, மூன்றே சொற்களில் ஒரு வரி தனிப் பத்தியாக நிற்கிறது. பக்கத்தைத் திருப்பிய உடனே கண் அங்கேதான் போய் விழும். அதிர்ச்சி கொடுக்க நினைக்கும் எழுத்தாளர்களுக்கு இந்த ஒற்றை வரிப் பத்தி என்றால் உயிர், ஆனால் அச்சில் அது தூரத்திலிருந்தே தெரியும் பெயர்ப்பலகை மாதிரி. கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. நானும் முயன்றேன், கை நகர்ந்துவிடுகிறது, அல்லது நானே நகர்த்திவிடுகிறேன்.

தொகுப்பில் இது இன்னும் மோசம். நாவலில் வலதுகையில் இருக்கும் தாள் குறையக் குறையத்தான் முடிவு நெருங்குவது தெரியும், அதுவும் குத்துமதிப்பாக. சிறுகதையில் பக்கத்தைத் திருப்பியதும் பாதிப் பக்கம் காலியாகத் தெரிந்தால், இந்தக் கதை இன்னும் பதினைந்து வரியில் முடியப்போகிறது, இனி புது ஆள் யாரும் வரமாட்டார், கதவுக்கு வெளியே நிற்பது ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். 14 கதை என்றால் 14 முறை.

அப்புறம் வேகம். பயம் வந்தால் கண் ஓடும். ஆங்கிலத்தில் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு அலசல், பெரியவர்கள் கதைகளை மௌனமாகப் படிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 260 சொற்கள் என்கிறது. ஆங்கில ஒலிநூல்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150, 160 சொற்களில் போகும். 5,000 சொல் கதை என்றால் கண்ணுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது, காதுக்கு அரைமணி நேரத்துக்கு மேல். வேறு வகைப் புத்தகத்தில் இதை நேர விரயம் என்று சொல்வேன். இங்கே அந்தக் கூடுதல் பன்னிரண்டு, பதினான்கு நிமிடம்தான் நான் காசு கொடுத்து வாங்கும் பொருள். கண்ணால் படித்த ஐந்து கதைகளை மறுபடி கேட்டபோது ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு விவரம் புதிதாக இருந்தது. ஒரு சாவி எந்தப் பக்கத்துச் சட்டைப்பையில் இருந்தது, நாய் ஏன் குரைக்கவில்லை, இப்படி. முடிவைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். துப்பு அங்கேதான் கிடந்திருக்கிறது.

காதும் அவ்வளவு யோக்கியமில்லை. செயலியைத் திறந்தால் இந்தக் கதையில் இன்னும் 2 நிமிடம் 10 விநாடி என்று பெரிதாகக் காட்டும், பாதிப் பக்கம் காலியாகத் தெரிவதைவிட அது துல்லியம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். பார்வையற்றவர்களுக்காக 1935-ல் பிரிட்டனில் பேசும் புத்தகச் சேவை தொடங்கியபோது இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 நிமிடம், ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு போல ஆகும். முதலில் வந்த தலைப்புகளில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட் கொலைக் கதை என்பது எனக்குப் பிடித்த தகவல். கதைசொல்லியின் வார்த்தைகளுக்குள்ளேயே முடிச்சைப் போட்ட கதை அது, இதற்கு மேல் சொன்னால் பாவம். கொலை யார் செய்தது என்று தெரியும் முன்னால் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்தவர்களை நினைத்தால் பொறாமையாகவும் இருக்கிறது, பரிதாபமாகவும் இருக்கிறது.

ஒலிநூல்தான் என்று முடிவு செய்தால் இரண்டு விஷயங்களைச் சரிபண்ணுங்கள், இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன லாபம் எதுவும் கிடைக்காது. ஒன்று, வேகத்தைக் கூட்டாதீர்கள், மௌனத்தை வெட்டும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். சில செயலிகளில் பேச்சுக்கு நடுவே வரும் இடைவெளிகளைத் தானாகச் சுருக்கிவிடும் ஒரு வசதி இருக்கிறது, உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு நல்லது. அது ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் ஒரு கதையைக் கேட்டேன். ‘கதவைத் திறந்தாள்’ என்பதற்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் வாசித்தவர் விட்டிருந்த இரண்டு விநாடியைச் செயலி தின்றுவிட்டது. கதவும் பிணமும் ஒரே மூச்சில் வந்தன, வானிலை அறிக்கை மாதிரி இருந்தது.

இரண்டாவது, கதை முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குவது. இது தொகுப்புக்கே உள்ள வியாதி. கடைசி வரி விழுந்து முதுகு சில்லிட்டு உட்கார்ந்திருக்கும்போதே அதே குரல் உற்சாகமாக அடுத்த கதையின் தலைப்பைச் சொல்லும். சிறுகதையை ஒரே உட்காரலில் படித்து முடிக்க முடிய வேண்டும், அப்போதுதான் மனதில் ஒரே உணர்வு முழுதாக நிற்கும் என்பது அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-லேயே ஏறக்குறைய சொன்ன விஷயம். அந்த உணர்வு நிற்க முடிவுக்குப் பிறகும் கொஞ்சம் இடம் வேண்டுமே. இதற்கு ஸ்லீப் டைமரை நிமிடக் கணக்கில் வைக்காமல் ‘அத்தியாய முடிவு’ என்று வைத்துவிடுங்கள், கதை முடிந்ததும் நின்றுவிடும். ஒரே நிபந்தனை, கோப்பு கதைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நீளத்தைப் பார்த்து அரைமணி அரைமணியாக வெட்டிப்போட்ட தொகுப்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது, அதில் டைமர் நடுக்கதையில் நிற்கிறது. வாங்கும் முன் உள்ளடக்கப் பட்டியலில் கதைத் தலைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், வெறும் எண்கள் மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, கண் ஜெயிக்கும் இடம். குரல் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது கதையில் யாரோ போன் செய்து மிரட்டுவார்கள். எழுத்தில் ‘மறுமுனையில் சிரித்தார்கள்’ என்று போட்டால் ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்பதே தெரியாது, தமிழ் அந்த வசதியைத் தாராளமாகத் தருகிறது. வாசிப்பவர் வாயைத் திறந்ததும் ஏதாவது ஒரு குரலைக் கொடுத்தாக வேண்டும். இந்தத் தொகுப்பில் வாசித்தவர் அந்த மிரட்டல் ஆளுக்குக் கரகரத்த குரல் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து வரும் அன்பான டாக்டருக்குக் கரகரப்பை மறைக்கப் பாடுபட்டார், பாடுபட்டது கேட்டது. அச்சில் நான் ஏற்கெனவே படித்த கதை என்பதால் எனக்கு நஷ்டமில்லை, முதல்முறை கேட்கிறவருக்கு அது நஷ்டம்தான். ‘நான்’ என்று ஒரே ஆள் சொல்லும் கதைகளில் இந்தச் சிக்கல் குறைவு. கொலைகாரனே காதுக்குள் உட்கார்ந்து நியாயம் பேசுகிற மாதிரி இருக்கும், அதற்குப் பக்கத்தில்கூட அச்சால் வர முடியாது.

திரும்பிப் பார்க்க வேண்டிய கதைகளும் கண்ணுக்குத்தான். முடிவு தெரிந்ததும் ‘அப்படியா சொன்னான் முதலில்?’ என்று தோன்றினால் புத்தகத்தில் இரண்டு பக்கம் புரட்டினால் போதும். ஒலிநூலில் 30 விநாடி 30 விநாடியாகப் பின்னால் தட்டிக்கொண்டே போக வேண்டும், இருபது நிமிடத்துக்கு முன்னால் வந்த வரி கிடைப்பதற்குள் சிலிர்ப்பு ஆறிவிடும். கடிதங்கள், தேதி போட்ட நாட்குறிப்புகள் என்று போகும் கதைகளும் அப்படியே, தேதிகள் காதில் தங்குவதில்லை.

பல நடிகர்கள், பின்னணி இசை, கதவு கிரீச்சிடும் சத்தம் என்று நாடகமாகத் தயாரித்தவை மூன்றாவது வழி. அப்படி இரண்டுதான் கேட்டிருக்கிறேன், தீர்ப்புச் சொல்ல அது போதாது. ஆளுக்கொரு குரல் என்பதால் மேலே சொன்ன காட்டிக்கொடுக்கும் சிக்கல் அங்கே கூடுமா குறையுமா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றில் மட்டும் பயம் வரவேண்டிய இடத்துக்கு ஐந்து விநாடி முன்பே வயலின் வந்து சொல்லிவிட்டுப் போனது. கண் செய்யும் அதே திருட்டை இசை செய்கிறது என்று தோன்றியது, ஆனால் நல்ல தயாரிப்பு எதுவும் இன்னும் என் கையில் சிக்காமல் இருக்கலாம்.

படுத்துக்கொண்டு கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகம் என்றால் தூக்கம் வந்ததும் மூஞ்சியில் விழும், கதை அங்கேயே நிற்கும். ஒலிநூல் உங்களுக்காக நிற்காது. பதினோராவது கதையின் நடுவில் தூங்கிப்போனேன், நள்ளிரவில் காதுக்குள் ஒரு அலறல் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன், விளக்கைப் போட்டபோது டைமர் சொன்னபடி கதையை முடித்து நிறுத்தியிருந்தது. அந்தக் கதையை இன்னும் அந்த நடுவிலிருந்து கேட்கவில்லை. எப்படி முடிகிறது என்று தெரிந்துவிட்டது, கத்தியது யார் என்றுதான் தெரியாது.