ஆர்வி வாழ்க்கைக்கு வாட்டர் சாஃப்டனர்: வாங்கலாமா?

ஆர்வியில், அதாவது வீட்டு வசதியுள்ள வண்டியில், முழுநேரமாகக் குடியிருந்து, குளிர்காலத்தை அரிசோனா, நெவாடா, டெக்சாஸ் பக்கம் கழிக்கிறீர்கள் என்றால், கடினத் தண்ணீரை மென்மையாக்கும் இந்தக் கருவியைத் தயங்காமல் வாங்கலாம். நானும் கணவரும் வைத்திருப்பது 16,000 கிரெய்ன் (தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் அலகு) கொள்ளளவுள்ள, கையில் தூக்கிப்போகும் வகை. கரண்ட் வேண்டாம், டைமர் கிடையாது. சாதாரண கார்டன் ஹோஸ் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். விலை 200 டாலருக்கு மேல் ஆகும்.

லாஸ் வேகஸில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் கொலராடோ ஆற்றுத் தண்ணீர். வரும் வழியில் பாறைகளிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருவதால் கேலனுக்குச் சுமார் 16 கிரெய்ன் கடினத்தன்மை. சான் அன்டோனியோவிலும் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து எடுக்கும் தண்ணீர் என்பதால் நிலைமை அதேதான். வீட்டில் இருப்பவர்களுக்கு இது வெறும் தொல்லை. எங்களுக்கோ 6 கேலன் ஹீட்டர், விரல் தடிமன் பைப், ஒரே ஒரு ஷவர். வெள்ளைப் படிவு கட்ட ஆரம்பித்தால் ஷவரில் பாதித் துளைகள் சீக்கிரமே அடைத்துவிடும். நீளமான முடியை அந்தத் தண்ணீரில் அலசினால் எவ்வளவு ஷாம்பு போட்டாலும் நுரை வராது, காய்ந்ததும் சீப்பு இறங்காது. துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. சாஃப்டனர் மாட்டிய பிறகு பருப்பு குழைய வெந்தது. என்னைப் பொறுத்தவரை அதற்கே காசு கொடுக்கலாம்.

மாட்டும் வரிசை முக்கியம். ஆர்வி நிறுத்தும் பார்க்கின் குழாய், அடுத்து பிரஷர் ரெகுலேட்டர், அடுத்து மண் வடிகட்டும் ஃபில்டர், அதன் பிறகுதான் சாஃப்டனர், கடைசியில் வண்டி. மண் உள்ளே போனால், சாஃப்டனருக்குள் கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகள் அடைத்துக்கொள்ளும். குழாயிலேயே இரண்டாகப் பிரியும் ஒய் இணைப்பும் போட்டுவிடுங்கள். வண்டி கழுவவும் கால் கழுவவும் மென்மையாக்கிய தண்ணீரை வீணாக்க வேண்டாம்.

16 கிரெய்ன் தண்ணீருக்கு இந்த டாங்க் கணக்குப்படி 1,000 கேலன் தாங்கும். நாளுக்கு 40 கேலன் செலவழிக்கும் இருவருக்கு 25 நாள். நடைமுறையில் அதற்குச் சற்று முன்பே உப்பேற்றி, அதாவது உப்புத் தண்ணீர் விட்டு மணிகளைப் புதுப்பித்து, விடுவது நல்லது. இதற்கு 26 அவுன்ஸ் சாப்பாட்டு உப்பு இரண்டு டப்பா போதும், எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். வீட்டு சாஃப்டனருக்கு விற்கும் கட்டி உப்பை வாங்காதீர்கள், இந்தச் சின்ன டாங்கில் அது சரியாகக் கரையாது. முதலில் தண்ணீரைத் தலைகீழாக, வெளியேறும் பக்கம் வழியாக உள்ளே விட்டு மணிகளைக் கிளறிவிட வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீரை வடித்து, மூடியைக் கழற்றி, புனல் வைத்து உப்பைக் கொட்டி மூடிவிட்டு, குழாயை நூல் மாதிரி ஒழுகும் அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் உப்பு மணிகளோடு சேர நேரமில்லாமல் வெளியே ஓடிவிடும். வரும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கடல் தண்ணீராகக் கரிக்கும். கரிப்பு முழுசாகப் போனதும் குழாயை நன்றாகத் திறந்து அலசி மாட்டிவிடலாம். காலை காபி போட்டுக்கொண்டே முடிகிற வேலை. அந்த உப்புத் தண்ணீரைத் தரையில் விடாமல் சாக்கடை இணைப்பில் விடுங்கள், பக்கத்து மரத்துக்கும் நல்லது.

கையோடு ஒரு சொட்டுச் சோதனை கிட் கட்டாயம் வாங்குங்கள். குட்டி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, பொடியைப் போட்டால் சிவப்பாகும். சொட்டு மருந்தை எண்ணிக்கொண்டே விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலமாகிறதோ அத்தனை கிரெய்ன். சாஃப்டனர் தாண்டி வரும் தண்ணீர் பொடி போட்டதுமே நீலமாக வேண்டும். இரண்டு, மூன்று சொட்டு கேட்க ஆரம்பித்தால் உப்பேற்றும் நேரம் வந்துவிட்டது. புது ஊருக்குப் போனால் முதல் வேலை இதுதான். போர்ட்லண்ட் நகரத் தண்ணீர் இயற்கையாகவே மென்மையானது, அங்கே சாஃப்டனரை வெளியே எடுக்கவே வேண்டாம்.

குறை என்றால் எடைதான். ஈரமான ரெசினோடு 20 பவுண்ட் சோனா மசூரி மூட்டையை விடக் கனம். இடுப்பு வலி உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள். இன்னொன்று, கடினத்தன்மை போகும் இடத்தில் சோடியம் வருகிறது: 16 கிரெய்ன் தண்ணீரில் லிட்டருக்கு 125 மில்லிகிராம் அளவுக்குக் கூடும். ஊரிலிருந்து மாமியார் வந்து தங்கும்போது அவருக்கு பிபி இருப்பதால் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். அந்த நாட்களில் பருப்பை முந்தின இரவே ஊறவைத்துவிடுவேன்.

வண்டி கிளம்பும் முன் டாங்கில் நிற்கும் தண்ணீரை வடித்து இரண்டு முனைகளையும் மூடி நிமிர்த்தி வையுங்கள். மணிகள் ஈரமாகவே இருக்கட்டும், ஆனால் உறையக் கூடாது. ஃபிளாக்ஸ்டாஃப் மாதிரி மலை ஊர்களில் குளிர்கால இரவு தங்கினால் டாங்கை வண்டிக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.