எஸ்டிபி தண்ணிக்கும் நாத்தத்துக்கும் எது சரிவரும்? நாங்க அலசிப் பார்த்தது

எங்க சென்னை ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்ல தரைத்தளத்துல இருக்கற அக்கா ஒருநாள் கால் கொலுச கழட்டி காட்டினாங்க. தீபாவளிக்கு வாங்கினது, கரிச்சட்டி மாதிரி கருத்துப் போயிருந்துச்சு. அவங்க ஜன்னலுக்கு நேர் கீழதான் எஸ்டிபி, அதாவது எங்க வீடுகளோட கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட். வெள்ளிய அப்படி கருக்க வைக்கறது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அந்த அழுகின முட்டை நாத்தம். கன்ட்ரோல் பேனல்ல இருந்த காப்பர் முனையெல்லாம் கூட அதே கருப்பு. அதுக்கப்புறம்தான் அசோசியேஷன்ல உக்காந்து பழைய பிளான்ட்ட மாத்தறதா, நாத்தத்துக்குன்னு தனியா ஏதாவது வைக்கறதான்னு கொட்டேஷன் வாங்க ஆரம்பிச்சோம், வந்தவங்க ஒவ்வொருத்தரும் அவங்க மெஷின்தான் பெஸ்ட்டுன்னு சொல்லிட்டு போனாங்க, ஆனா ஒருத்தர் கூட அதுக்குள்ள இருக்கற உயிருங்க எத தின்னும், எதுல சாகும்னு சொல்லல. எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு.

ஏன்னா இந்த மெஷின்ல பலதும் பயோபில்டர், அதாவது உயிர் வச்சு சுத்தம் பண்றது, அந்த பேர கேட்டதும் டீ வடிகட்டி மாதிரி நினைச்சுக்கறோம். அது அழுக்க வடிகட்டறது இல்ல, தின்னுடறது. கல்லோ பிளாஸ்டிக்கோ தேங்காநாரோ, ஏதோ ஒரு மேற்பரப்புல வழவழன்னு ஒரு படலம் படியும், அதுல கோடிக்கணக்குல பாக்டீரியா. தண்ணியோ காத்தோ அது மேல பட்டு போறப்ப அதுல இருக்கற அழுக்குதான் அதுங்களுக்கு சாப்பாடு. 1890கள்லயே இங்கிலாந்துல கல்லு குவிச்சு அது மேல கழிவுத்தண்ணிய தெளிச்சு விட்டாங்க. 1914ல மான்செஸ்டர்ல ஆர்டர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் அதே பாக்டீரியாவ தண்ணியிலயே மிதக்கவிட்டு காத்து ஊதற முறைய காட்டினாங்க, இன்னிக்கு ஊர்ல இருக்கற பாதி பிளான்ட் அதோட பேரன் பேத்திதான்.

முதல்ல தண்ணி. எங்களுக்கு 64 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர்னு கணக்கு போட்டா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 35,000 லிட்டர், அதுல எண்பது சதவீதம் கழிவா திரும்பி வரும்னா 28,000 லிட்டர் சுத்தம் பண்ணணும்.

எங்ககிட்ட ஏற்கனவே இருந்தது மிதக்கவிடற டைப். அது ஒழுங்கா ஓடினா அருமையா இருக்கும், ஆனா ஆபரேட்டர் கைராசி வேணும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில ஏரேஷன் டேங்க் (காத்து ஊதற டேங்க்) தண்ணிய மொண்டு அரை மணி நேரம் அசைக்காம வச்சா ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியா சேர்ந்த சேறு, அடியில படிஞ்சு மேல தெளிவா நிக்கணும், எங்க ஜாடியில அது பஞ்சு மாதிரி பாதி உயரத்துக்கு மேல நின்னுக்கிட்டே இருந்துச்சு. படியலன்னா தண்ணியோடவே பாக்டீரியாவும் வெளிய போயிடும், அப்புறம் வேலை செய்ய உள்ள யாரு இருக்கா? எஸ்பிஆர்னு சொல்றதும் இதே குடும்பம்தான், நிரப்பறது, ஊதறது, படிய விடறது, மேல் தண்ணிய எடுக்கறதுன்னு எல்லாம் ஒரே டேங்க்ல டைமர் வச்சு நடக்கும். டைமரும் வால்வும் ஒழுங்கா இருக்கற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்.

எம்பிபிஆர், அதாவது பாக்டீரியா ஒட்டின பிளாஸ்டிக் துண்டுங்க டேங்க்குள்ள சுத்தற முறை, வேற மாதிரி. 1980கள் கடைசில நார்வேல உருவாக்கினது, குட்டி குட்டி பிளாஸ்டிக் சக்கரம், உள்ள குறுக்கு தடுப்பு போட்டிருக்கும், அத ஆயிரக்கணக்குல டேங்க்குள்ள கொட்டி காத்து ஊதி சுத்த விடுவாங்க. பக்கத்து அபார்ட்மென்ட்ல போய் பார்த்தப்ப ஆபரேட்டர் அண்ணன் வலையில ரெண்டு அள்ளி கையுறை போட்ட கையில வச்சு காட்டினாரு. வெளிப்பக்கம் உரசி உரசி பளிச்சுன்னு இருக்கு, உள் அறைகள்ல மட்டும் பழுப்பா ஒரு படலம், மூக்கு பக்கத்துல கொண்டு போனா மழை பெஞ்ச மண்ணு வாசனை. அழுகல் வாசனை துளி இல்ல. அந்த படலம் ஒட்டிக்கிட்டு இருக்கறதால யாராவது விசேஷத்துக்கு சொந்தக்காரங்கள கூட்டிட்டு வந்து ஒரே நாள்ல தண்ணி அதிகமா வந்தாலும் எல்லாம் அடிச்சுக்கிட்டு போயிடாது. எங்கள மாதிரி இடத்துக்கு இதுதான் சரின்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

எம்பிஆர்னா பாக்டீரியா டேங்க்கோட மெம்ப்ரேன்ங்கற ரொம்ப நுணுக்கமான சல்லடையும் சேர்ந்தது, அதுல தண்ணி கண்ணாடி மாதிரி வரும், சந்தேகமே இல்ல, மெம்ப்ரேன் துளை அவ்ளோ சின்னது. ஆனா அது அடைக்கும், கழுவணும், சில வருஷத்துல மாத்தணும், கரண்ட் பில்லும் ஏறும். டாய்லெட் ஃப்ளஷுக்கும் செடிக்கும் போற தண்ணிக்கு அவ்ளோ செலவு எனக்கு நியாயமா படல.

மனசு கேட்டது நாணல் படுகைதான். ஜல்லி போட்ட தொட்டியில நாணல், சம்பு, கல்வாழை நட்டு, செப்டிக் டேங்க்ல படிய வச்ச தண்ணிய ஜல்லிக்கு உள்ளாலயே மெதுவா போக விடறது. காத்து ஊதற ப்ளோயர் வேணாம், சத்தம் இல்ல. புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு போனவங்க அந்த தோட்டத்தையும் குளத்தையும் பார்த்திருப்பீங்க, அது கழிவுத்தண்ணிய இந்த மாதிரி முறையில சுத்தம் பண்ற இடம்னு பாதி பேருக்கு தெரியாது. கொல்கத்தாவுக்கு கிழக்க 12,500 ஹெக்டேர் ஈரநிலத்துல ஊர் சாக்கடைய குளத்துல விட்டு மீனே வளர்க்கறாங்க, துருவஜோதி கோஷ்ங்கற இன்ஜினியர் அத காப்பாத்தறதுக்காகவே வாழ்ந்தாரு, 2002ல அது ராம்சார் தலமும் (உலக அளவுல முக்கியம்னு அங்கீகரிச்ச ஈரநிலம்) ஆச்சு. ஆனா இடம்! நம்ம ஊர் வெயிலுக்கே ஆளுக்கு ஒன்றரை ரெண்டு சதுர மீட்டர்னு வச்சா எங்களுக்கு ரெண்டு கிரவுண்டு வேணும். எங்ககிட்ட இருக்கறது கார் பார்க்கிங்கும் ஒரு ஊஞ்சலும்தான். இடம் இருக்கற ஸ்கூல், ஆசிரமம், வில்லா லேஅவுட் ஆளுங்க இத விட்டுட்டு மெஷின் வாங்கினா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும்.

இப்ப நாத்தம். முன்னாடி இருந்த கான்ட்ராக்ட்காரர் மல்லிப்பூ வாசனை ஸ்ப்ரே வச்சுட்டு போனாரு, இது ரொம்ப தப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) ரொம்ப கீழயே மூக்குக்கு தெரிஞ்சிடும், ஆனா 100 பிபிஎம் கிட்ட போனா மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, 700 தாண்டினா நிமிஷத்துல உயிர் போயிடும். நாத்தம் ஒரு எச்சரிக்கை, அத மறைக்கக்கூடாது. பாதுகாப்பு இல்லாம டேங்க்ல ஆள இறக்கறது மனிதக் கழிவ மனுஷங்க அள்ளறத தடுக்கற 2013 சட்டப்படி குற்றம், அப்படி இறந்தா 30 லட்சம் இழப்பீடு தரணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அந்த காசு எந்த பிள்ளைக்கும் அப்பாவ திருப்பி தராது. எந்த பிளான்ட் வாங்கினாலும் கேஸ் டிடெக்டர் வாங்குங்க.

ஆக்டிவேட்டட் கார்பன் டப்பா வச்ச அன்னிக்கே நாத்தம் நிக்கும், ஆனா அது உறிஞ்சி வச்சுக்கறது, நிரம்பினதும் ஒருநாள் திடீர்னு பழையபடி அடிக்கும். திரும்ப காசு. கெமிக்கல் ஸ்க்ரப்பர்ல காஸ்டிக் சோடாவும் ஹைப்போவும் (ப்ளீச்சிங் திரவம்) தெளிச்சு கேஸ பிடிப்பாங்க, பெரிய பம்பிங் ஸ்டேஷனுக்கு ஓகே, குழந்தைங்க ஓடற இடத்துல காஸ்டிக் கேன் அடுக்கி வைக்க நான் சம்மதிக்கல.

நாத்தத்த பாக்டீரியாவுக்கே தீனியா போடற உயிர்முறையில ரெண்டு வகை. ஒன்னு ட்ரிக்ளிங் டைப், உயரமான டவர்ல பாக்டீரியா ஒட்டி வளர பிளாஸ்டிக் மீடியா, மேலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும், காத்து பத்து இருபது செகண்ட் உள்ள இருந்தாலே போதும், அதனால இடம் கம்மி. கந்தகம் தின்ற பாக்டீரியா அந்த கேஸ சல்ஃபியூரிக் ஆசிடா மாத்தும், சொட்டற தண்ணி அத கழுவிட்டு போயிடும். பம்ப், நாசில், வடியற ஆசிட் தண்ணின்னு பார்த்துக்க ஆள் வேணும்.

இன்னொன்னு படுகை டைப். அடியில ஓட்டை போட்ட பைப், அது மேல ஜல்லி, அது மேல ஒரு மீட்டர் உயரத்துக்கு மரச்சீவல், கம்போஸ்ட், தேங்காநார். டேங்க மூடி, காத்த ஃபேன் வச்சு இழுத்து கீழேர்ந்து விட்டா மெதுவா மேல ஏறி வரும், 45 செகண்ட் உள்ள தங்கினா போதும். மணிக்கு 500 கன மீட்டர் காத்துக்கு எட்டுக்கு எட்டரை அடி படுகை போதும்னு கணக்கு வந்துச்சு. இதுல ஈரம்தான் உயிர். கையில ஒரு பிடி எடுத்தா புட்டு மாவு பதம் இருக்கணும், பிடிச்சா பிடிபடணும், தட்டினா உதிரணும். காஞ்சுட்டா பாக்டீரியா செத்துடும், காத்தும் வெடிப்பு வழியா தப்பிச்சுடும், சொதசொதன்னு ஆச்சுன்னா உள்ளயே அழுகும். இங்க ஆசிட் படுகையிலயே தங்கறதால இடிச்ச கிளிஞ்சல் கலக்கணும், மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துல மீடியா மக்கி அமுங்கும், அப்ப மாத்தணும். மாத்தற பொருள் பொள்ளாச்சிலேர்ந்து லாரியில வரும், அதுக்காக வெளிநாட்டு கம்பெனிக்கு மெயில் போட்டு காத்திருக்க வேணாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

மனி பிளான்ட் தொட்டி பத்து வச்சா போதாதான்னு மீட்டிங்ல கேட்டாங்க. 2019ல வந்த ஒரு ஆய்வுல, சும்மா ஜன்னல் காத்தோட்டத்துக்கு ஈடா வரணும்னா ஒரு சதுர மீட்டருக்கு குறைஞ்சது பத்து செடியாவது வேணும், ஆயிரம் கூட ஆகலாம்னு கணக்கு போட்டிருக்காங்க. செடி அழகுக்கு வைங்க.

இப்ப எம்பிபிஆரும் தேங்காநார் படுகையும்னு ஜெனரல் பாடில பாஸ் ஆயிருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு ஒட்டிருக்கோம்: டாய்லெட் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் எல்லாம் வாளி வாளியா ஊத்தாதீங்க, பொரிச்ச எண்ணெய சிங்க்ல விடாதீங்க, கீழ பிளான்ட்ல பாக்டீரியா செத்துடும். ஞாயித்துக்கிழமை படுகை ஈரம் பார்க்கற முறை போட்டிருக்கோம், முதல் வாரம் கொலுசு அக்கா வீடு.