பழைய பாய்மரப் படகில் டிசி கிளாம்ப் மீட்டர்: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

1980களில் கட்டப்பட்ட 30 அடி பாய்மரப் படகின் மின்பழுதுகளைக் கண்டறிவதற்காக வயரைக் கவ்வி அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் இந்தக் கிளாம்ப் மீட்டரை வாங்கினேன். மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பலவும் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. 12 வோல்ட் டிசியில் இயங்கும் படகில் அவற்றின் கவ்வியால் பயனில்லை என்பதால், டிசி ஆம்பியரையும் அளக்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும் (பெட்டியின் மேலுள்ள படத்தை நம்ப வேண்டாம்).

இதன் உண்மையான பலம், வயரை அறுக்காமலும் இணைப்பைக் கழற்றாமலும் மின்னோட்டத்தைக் காட்டுவதுதான். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த பின்னும் பேட்டரி வடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வயராகக் கவ்விப் பார்த்தபோது, பில்ஜ் பம்பின் (படகின் அடித்தளத்தில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்பு) மிதவைச் சுவிட்சுக்குச் செல்லும் வயரில் 0.6 ஆம்பியர், அதாவது நாளொன்றுக்குப் பதினான்கு ஆம்பியர்-மணிக்கு மேல், கசிவது தெரிந்தது. அடித்தளத்து நீரில் நனைந்து பச்சை பூத்திருந்த ஓர் இணைப்பே அதற்குக் காரணம்.

வோல்ட் அளவிலும் குறையில்லை. விளக்கை எரியவிட்டு அளந்தபோது பேட்டரி முனையில் 12.6, பாய்மர உச்சி விளக்கில் 11.4 எனக் காட்டியது; அதாவது ஏறத்தாழ 9.5 சதவீத இழப்பு. வழிகாட்டி விளக்குகளுக்கு 3 சதவீத இழப்பே ஏற்கத்தக்கது என்பதால், அந்த வயரை மாற்றியாக வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு அளவுக்கு முன்னும் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தாவிட்டால் எண் தடுமாறுகிறது, 0.1 ஆம்பியருக்குக் கீழான கசிவுகளுக்கு இதை நம்ப முடியாது. தடித்த கவ்வி, நெருக்கமான சுவிட்ச் பலகையின் பின்புறம் நுழைய மறுக்கிறது. திரை வெளிச்சமோ என்ஜின் அறையின் இருட்டுக்குத் தாராளமாகப் போதும்.