புத்தகத் திருவிழாவா, நூலகமா, மலை நடையா? பல்கலைக்கழகப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புரட்டாசி தொடங்கித் தை முடியும்வரை மதுரையில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். காந்தி 1921இல் மதுரையில் அரையாடைக்கு மாறிய நாளைச் செப்டம்பர் 22 அன்று நினைவுகூர்வார்கள். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு. தைப்பூசத்துக்கு மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். இதற்கெல்லாம் யாரும் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. போகிறவர்கள் காலங்காலமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

யோசனை கேட்பது மற்ற ஞாயிறுகளுக்குத்தான். காமராசர் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் குடியிருக்கும் சில குடும்பங்களும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து எங்காவது போய் வருவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு பருவத்திலும் மூன்று பெயர்கள் அடிபடும். தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழா. புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் வார இறுதி நிகழ்ச்சிகள். அப்புறம், ஞாயிறு அதிகாலையில் சமண மலைகளைப் பார்க்கப் போகும் நடை. எல்லாவற்றுக்கும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. குழுவாகப் போவதற்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று வந்தபோது நாங்கள் மலை நடையை எடுத்தோம். புதிதாக இந்தப் பக்கம் குடிவந்திருப்பவர்களும், இந்த ஆண்டு விடுதியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும் அதையே முதலில் எடுக்கலாம் என்பது என் கட்சி.

செலவை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மூன்றுமே கையைக் கடிக்காது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் பெரிதாக ஆகாது. புத்தகத் திருவிழாவில் புத்தகம் வாங்கும் செலவு தனி. அது அவரவர் மனசையும் மாதச் சம்பளத்தையும் பொறுத்தது.

புத்தகத் திருவிழாவைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருகிறது. மேலவெளி வீதிப் பக்கம் ஆண்டு முழுவதும் புத்தகக் கடைகள் இருந்தாலும், சின்னப் பதிப்பகங்கள் போட்டுத் தீர்ந்துபோன பழைய தலைப்புகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பதற்குத் தமுக்கத்தை விட்டால் இங்கே வேறு இடம் இல்லை. பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும், அதிலும் பகலில் போக வேண்டும். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து போவார்கள். அந்தச் சலசலப்பு ஓய்ந்த மதிய நேரத்தில் ஸ்டால்காரர்களிடம் நின்று பேசலாம். எந்தப் புத்தகம் மறுபதிப்பு வருகிறது, எது வராது என்று அவர்களே சொல்வார்கள்.

ஆனால் குழுவாக, குடும்பமாகப் போகிறவர்கள் பகலுக்காகப் போவதில்லை. மாலை மேடைக்காகத்தான் போகிறார்கள். மதுரைக்காரர்களுக்குப் பேச்சு கேட்பதில் இருக்கும் பிரியம் தெரிந்ததுதானே. இங்கேதான் எனக்குச் சிக்கல். அது நேரச் சிக்கல். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைவிட எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைத்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்தாக வேண்டும்.

1966இல் தொடங்கிய பல்கலைக்கழகம் நகரைவிட்டு மேற்கே, தேனி சாலையில், நாகமலையின் அடிவாரத்தில் இடம் பிடித்துக்கொண்டது. தமுக்கம் வைகைக்கு வடகரையில். மேடையில் முதலில் வரவேற்புரை, அப்புறம் வாழ்த்துரைகள், அதன் பிறகுதான் நாம் கேட்க வந்தவர் மைக்கைப் பிடிப்பார். அவர் சூடுபிடித்துப் பேசத் தொடங்கும்போது மணி எட்டைத் தொட்டிருக்கும். நம்மோடு வந்த பிள்ளைகள் அப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டிப் பெரியார் நிலையம் வர வேண்டும், அங்கே பஸ் மாற வேண்டும், காளவாசல் தாண்டி வீடு வந்து சேர வேண்டும். ஒன்பதுக்கு மேல் எங்கள் பக்கத்து டவுன் பஸ் குறைந்துவிடும். தேனிக்குப் போகும் வண்டியில் ஏறினால் நம் நிறுத்தத்தில் நிற்குமா என்று நடத்துனரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் விடுதியில் கேட் அடைக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கலாம், வார்டனும் பெரும்பாலும் கொடுப்பார். ஆனாலும் பேச்சின் நடுவில் எழுந்து, முழங்கால்களுக்கு இடையே வழி கேட்டு வெளியேறும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும். எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒரு தங்கச்சி சொன்னாள்: “அண்ணே, பாதிப் பேச்சு கேட்டதுக்கு வராமலேயே இருந்திருக்கலாம். மீதி என்ன சொன்னாருன்னு மூணு நாளா யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் இது வேறு விதமாக விழும். ஞாயிறு இரவு பத்தரைக்கு வீடு வந்து, திங்கள் காலை ஏழு மணிக்குப் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார் தலையில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்கா புத்தகத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் மாலை மேடைக்கு அவர் வருவதில்லை. அவருடைய வீட்டுக்காரர் மட்டும் போய்வந்து கதை சொல்லுவார். ஒரு நிகழ்ச்சி முடியும் நேரமே வீட்டில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்மானிக்குமானால், அந்த நிகழ்ச்சியைக் குழுவுக்கான தேர்வு என்று எப்படிச் சொல்வது?

மலை நடை காலை ஆறு மணி வாக்கில் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவோம். பத்து, பத்தரைக்கு வீட்டில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுசாக மிச்சம் இருக்கும். எதிர்வீட்டு அக்கா மாவை முந்தின நாளே அரைத்து வைத்துவிட்டுப் பையனோடு வந்துவிடுகிறார். விடுதிப் பிள்ளைகள் யாரிடமும் நேரம் நீட்டிக்கக் கேட்க வேண்டியதில்லை. காலையில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் பெண்கள் தொடர்ந்து வரும் ஒரே நிகழ்ச்சி இதுதான். எனக்கு வேறு காரணமே தேவையில்லை.

இந்த நடைகளுக்கு மதுரையில் ஒரு பின்கதை உண்டு. யானைமலையைக் குடையும் திட்டம் ஒன்று வந்து, மக்கள் எதிர்த்து நின்ற காலத்தில், 2010இல், எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கியதுதான் பசுமை நடை என்ற குழு. கல்வெட்டறிஞர் வெ.வேதாசலம் போன்றவர்கள் பாறையடியில் நின்று எழுத்தைப் படித்துக் காட்ட, மக்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்ததையும், அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம் மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் ரத்தானதையும் படித்திருப்பீர்கள். மலையை ஒரு தடவையாவது ஏறிப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தால்தான் அதற்காகக் குரல் கொடுக்கவும் ஆள் கிடைக்கும்.

எங்களுக்குக் கூடுதல் கொடுப்பினை, கீழக்குயில்குடி சமணர் மலை பக்கத்திலேயே இருப்பது. தேனி சாலைக்கு வடக்கே நாகமலை, தெற்கே சமணர் மலை. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். அங்கிருந்து படி ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். பாறையின் நெடுகச் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாக இருக்கும். வரிசையில் பாகுபலியும் உண்டு, ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதரும் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள், கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. உச்சி வெயிலில் போனால் அந்த எழுத்து பாறையோடு பாறையாகிவிடும். காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது கோட்டின் ஓரத்தில் மெல்லிய நிழல் தங்கும், அப்போதுதான் எழுத்து எழுத்தாகத் தெரியும். அதிகாலையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த எழுத்துகளில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் யானைமலையிலும் அழகர்மலையிலும் உத்தமபாளையத்திலும் பாறையில் இருக்கிறது. அப்படி ஊர் ஊராகப் பெயர் பொறித்தவரின் அம்மா, தன் பங்குக்கு இங்கே ஒரு சிலையைச் செய்ய வைத்திருக்கிறார். இதைச் சொல்லி முடித்ததும் எங்களோடு வந்த எட்டாம் வகுப்புப் பையன், “அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டான். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இறங்கி வரும் வழியெல்லாம் பேச்சு அதைப் பற்றியே ஓடியது. இதே மலைத்தொடரின் இன்னொரு பக்கம், முத்துப்பட்டியில், இதைவிடப் பல நூற்றாண்டு முந்திய தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் நாகபேரூர் என்ற ஊர்ப்பெயரும் முசிறி என்ற பெயரும் வருகின்றன. நாகமலையின் நிழலில் வீடு கட்டியிருக்கும் எங்களுக்கு அந்த வரியைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லா மாதமும் நடை நம் பக்கத்திலேயே இருக்காது. யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி என்று கிழக்கே போனால் நகரைக் கடந்து போக வேண்டும், விடியுமுன் கிளம்ப வேண்டும். அப்போதும் திரும்புவது பகலில்தான் என்பதால் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குப் படி ஏறுவது சிரமம். கைப்பிடிக் கம்பி இருக்கிறது, ஆனாலும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களை மலையின் மேற்குப் பக்கம் உள்ள செட்டிப்புடவுக்குக் கூட்டிப்போகலாம், அங்கே ஏற வேண்டிய படிகள் குறைவு. குகை வாசலுக்கு வெளியே பெரிய மகாவீரர். உள்ளே குனிந்து பார்த்தால், சிங்கத்தின் மேல் அமர்ந்து வில் வளைத்து, யானைமேல் வரும் வீரனை எதிர்க்கும் ஒரு பெண் தெய்வம். பள்ளிப் பிள்ளைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

நூலகத்துக்கு வருகிறேன். 2023 ஜூலை 15 அன்று திறந்த நாளிலிருந்து ஊரே கொண்டாடும் கட்டடம் அது. ஏழு தளம், தனியாகக் குழந்தைகள் பகுதி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனி இடம், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க ஓர் அறை, பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு. வார இறுதிகளில் கதை சொல்லல், பயிற்சிப் பட்டறை என்று குழந்தைகளுக்கு ஏதாவது நடக்கும். பகலில் நடப்பதால் முடியும் நேரமும் தொல்லை இல்லை. நான் அங்கே பெரும்பாலும் படிக்கத்தான் போயிருக்கிறேன், நிகழ்ச்சிகளில் உட்கார்ந்தது குறைவு. ஆகவே அவற்றின் தரத்தைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன். பிள்ளைகளைத் தொடர்ந்து கூட்டிப்போகும் பெற்றோர் மெச்சித்தான் பேசுகிறார்கள். குழுவாகப் போவதற்கு ஒன்று இடிக்கிறது. உள்ளே போனதும் எல்லோரும் ஆளுக்கொரு தளமாகப் பிரிந்துவிடுகிறோம். நூலகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை இன்னும் கொஞ்சம் பழகித் தெரிந்துகொள்ள அது உதவாது. மலையில் மூச்சு வாங்க நிற்கிற இடத்திலெல்லாம் யாராவது யாரிடமாவது பேசித்தான் ஆக வேண்டும்.

தனியாகப் போகும் ஆராய்ச்சி மாணவர் என்றால் என் வரிசை மாறும். அவருக்குப் புத்தகத் திருவிழாவின் மதியம்தான் முதலில், அடுத்தது நூலகம். மதுரை நகருக்குள்ளேயே, கே.கே. நகர், செல்லூர்ப் பக்கம் வீடு இருந்தாலும் தமுக்கத்து மாலை மேடையைத் தாராளமாக எடுக்கலாம், பேச்சு முடிந்து நடந்தே வீடு போய்ச் சேரலாம். நான் சொல்வது காளவாசலுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் மலைப் பேச்சே வேண்டாம். பாறை வழுக்கும், பேச்சிப்பள்ளத்துக்கு மேலே சுனைப் பக்கம் பாசி படிந்திருக்கும். அந்த ஞாயிறுகளில் பிள்ளைகளை நூலகத்துக்கே கூட்டிப்போய்விடுங்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகு, மார்கழிக் குளிரில் வைத்துக்கொண்டால் நடைக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நல்ல பிடிமானம் உள்ள செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், வயதானவர்களுக்கு ஒரு கம்பு. எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படிக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது, கை வைக்காமல் கண்ணால் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளை அடிவாரத்திலேயே தயார் செய்துவிடுங்கள்.