நந்தி ஹால்ட் மெமு: இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்

எலஹங்காவிலிருந்து தேவனஹள்ளி வழியாக சிக்கபள்ளாபூர் பக்கம் போகும் மெமுவை, அதாவது குறுந்தூர மின்சார ரயிலை, வேலைக்குப் போகிறவர்களின் வண்டி என்றே பெங்களூரில் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நகரத்துக்கு வடக்கே உள்ள கிராமப்புறத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. காரில் விடியலுக்கு முன்பே நந்தி மலைக்கு விரைகிறவர்கள் இருட்டில் கடந்துவிடும் ஊர்கள் எல்லாம் இங்கே ஜன்னலுக்கு அருகிலேயே வருகின்றன.

காலை வண்டியில் போகும் திசைக்கு இடப்பக்கம் உட்காருங்கள். வண்டி வடக்கே போகிறது, மலை மேற்கே இருக்கிறது. கிழக்கு வெயில் மலைமேல் நேராக விழுவதால் பாறை முகம் தெளிவாகத் தெரியும். மாலையில் திரும்பும்போது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், கண் கூசும். குளிர்காலத்தில் பனிமூட்டம் விலகாத நேரத்து வண்டியில் ஏறினால் மலையே தெரியாமல் போகலாம்.

பெட்டஹலசூர் என்ற பெயர்ப்பலகையைத் தவறவிடாதீர்கள். பெங்களூரின் பழைய கல் வீடுகளுக்குக் கல் கொடுத்த ஊர். தேவனஹள்ளியைத் தாண்டினால் திராட்சைப் பந்தல்களும் மல்பெரி வயல்களும் வரும். நடுநடுவே தரையிலிருந்து நீளமாக, நேர்கோடாக எழும்பும் மண்மேடு கண்ணில் பட்டால் அது ஏரிக்கரை. கடும் கோடையிலும் நீர் நிற்கும் ஏரி என்றால் மழைநீர் என்று எண்ண வேண்டாம். பல ஏரிகளுக்கு நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர்தான் வருகிறது. அடுத்து அவதிஹள்ளி. பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடாவின் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து தங்கியதாகச் சொல்லப்படும் அவதி இதுதான்.

நந்தி ஹால்ட் என்ற சிறு நிலையத்தில் கட்டாயம் இறங்குங்கள். 1915 வாக்கில், குறுகிய ரயில்பாதை (நேரோ கேஜ்) காலத்தில் கட்டிய ஓட்டுக்கூரை நிலையத்தைப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் மீட்டெடுத்திருக்கிறது. அங்கிருந்து நந்தி கிராமத்தில் உள்ள ‘போக நந்தீஸ்வரர்’ கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில். அருணாசலேஸ்வரர், போக நந்தீஸ்வரர் என இரண்டு சன்னதிகள், இடையில் உமா மகேஸ்வரர். போக நந்தீஸ்வரர் சன்னதியில் ஒரு சோழ அரசனின் சிலை இருக்கிறது. ராஜேந்திர சோழன் என்பது மக்கள் நம்பிக்கை. ஓசூர்க்காரர்கள் கெலவரப்பள்ளி அணையில் பார்க்கும் தென்பெண்ணை பிறப்பதும் இந்த மலைப்பக்கம்தான். இதைத் தெரிந்துகொண்டு கோயில் குளத்துப் படிகளில் உட்கார்ந்தால் ஊர்ப்பக்கம் தூரமாகத் தோன்றாது.

இந்தப் பக்கத்து ஊர்களில் நடக்கும்போது ஏரிக்கரையிலும் அரசமரத்தடியிலும் சாய்ந்து கிடக்கும் கற்களைக் கவனியுங்கள். கன்னடத்தில் வீரகல்லு, நம் நடுகல்: இறந்த வீரனின் நினைவாக நட்ட கல். பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமாதர், உச்சியில் லிங்கத்தின் முன் அவன். கீழே மாடுகள் செதுக்கியிருந்தால் ஆநிரை (மாட்டுமந்தை) மீட்டு இறந்தவன். தேய்ந்த கல்லில் உருவம் தெரியாவிட்டால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து கோடுகள் எழும்பும். சாக்பீஸோ மாவோ தடவவே கூடாது. கல்லின் மேற்பரப்பு கெடும்.

குறைகளும் உண்டு. வண்டிகள் மிகக் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம். வாரத்தின் எல்லா நாளும் ஓடும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். முந்தின இரவே நாளையும் நேரத்தையும் சரிபாருங்கள். ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும், தாமதத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். ஹால்ட்டில் வண்டி நிற்பது கொஞ்ச நேரமே, முன்கூட்டியே கதவருகே வந்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டை ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுத்துவிடலாம். தண்ணீரும் சாப்பாடும் எலஹங்காவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.