பழைய கோடு ஸ்டிக்கரும் நீலகிரித் தைலமும்: எது வரை வேலை செய்யும்?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கே திரும்பினாலும் கடையில் தொங்கும் நீலகிரித் தைலம் கார் ஸ்டிக்கரின் பசையை எடுக்குமா? எடுக்கும், நன்றாகவே எடுக்கும். ஸ்டிக்கரை எடுக்காது. பாட்டிலை வாங்கிக் கோட்டின் மேலேயே ஊற்றித் தேய்ப்பவர்கள்தான் "வாசனைதான் வருது, வேலைக்கு ஆகலை" என்று சொல்கிறார்கள். ஸ்டிக்கரின் மேல் பிளாஸ்டிக்கான வினைல் தைலத்தை உள்ளே விடாது. பசை அதற்கு அடியில் இருக்கிறது. கோட்டைச் சூட்டில் உரித்த பிறகு பாடியில் ஒட்டி நிற்கிற பசைக்குத்தான் தைலம்.

மலையில் ஓடும் வண்டிகளில் உரிப்பதே பெரிய வேலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் தீவிரம் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். வினைல் வளைந்துகொடுப்பதற்காகச் சேர்த்த பிளாஸ்டிசைசர் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிட, மிஞ்சுவது சுருங்கி விரிசல் விட்ட பிளாஸ்டிக். அதற்கு மேல் குளிர் வேறு. ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் கை வைத்தால் கோடு நாடாவாக வராது, நகத்துண்டு நகத்துண்டாக உடைந்து வரும். பொலிரோ, சுமோ, ஆம்னி பக்கவாட்டு ஸ்டிக்கரில் இது தெளிவாகத் தெரியும். கதவின் மேல் வளைவில் வெயில் நேராக விழுகிற பகுதி நொறுங்கும், கீழ்ப்பகுதி முழுசாக வரும். அதனால் கீழிருந்து தொடங்குவது நல்லது.

வேலை தொடங்குமுன் கோட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்று, விளிம்பில் கறுப்பு அழுக்குக் கோடும் தெரிந்தால் அது மேலே ஒட்டிய ஸ்டிக்கர். நகம் வழுக்கிக்கொண்டே போனால், கோட்டின் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்திருக்கிறார்கள். அதை உரிக்க வழியே கிடையாது, மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழி. லேசான மேடு தெரிந்து, உற்றுப் பார்த்தால் பிரஷ் தடமும் தெரிந்தால் கையால் போட்ட பெயிண்ட் கோடு. அதற்கும் இந்தக் கட்டுரை உதவாது.

அடுத்தது, அடியில் இருப்பது என்ன பெயிண்ட் என்பது. கம்பெனி பெயிண்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும், அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். அது அடுப்பில் வாட்டியது. தைலத்துக்கும் மிதமான சூட்டுக்கும் அசராது. பயப்பட வேண்டியது பழைய அம்பாசடர், பத்மினி, எஸ்டேட் ஜீப்புகளில் பட்டி பார்த்து அடித்த டக்கோ (அடுப்பில் வாட்டாத, தின்னரில் கரையும் பழைய வகை) பெயிண்டுக்குத்தான். கதவு ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் தூசி படிந்திருந்தால் பேனல் மறுபடி அடித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால், அதே கதவின் கீழ்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, தின்னர் தொட்ட துணியால் ஒரு தடவை துடையுங்கள். துணியில் கலர் இறங்கினால் டக்கோ. அந்தப் பேனலில் தைலத்தை ஊறவைக்கக் கூடாது, தொட்டுத் துடைப்பதோடு சரி. பட்டியின் பிடிமானம் விட்டிருந்தால் ஸ்டிக்கரோடு பெயிண்டும் சேர்ந்து பெயர்ந்து வரும், அதைத் தடுக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

சூட்டுக்கு 1,000 அல்லது 1,200 வாட் ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் வேகமானது, ஆனால் பலவற்றில் குறைந்த செட்டிங்கே 300 டிகிரிக்குப் பக்கம். ஒரு கையால் கன், மறு கையால் ஸ்டிக்கர் என்று பிடித்து வேலை செய்யும்போது கவனம் சிதறினால் கிளியர் கோட் கொப்பளிக்கும். வேண்டுமென்றால் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அளவு எளிது: தகட்டில் உள்ளங்கை வைத்தால் சூடு உறைக்க வேண்டும், கையை எடுக்க வைக்கக் கூடாது. மலையில் தகடு ஜில்லென்று இருப்பதால் டிரையரின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்கினால் பாதி வேலை மிச்சம். மூடுபனி நாளிலும் தென்மேற்குப் பருவமழையிலும் இதைத் தொடாமலிருப்பது புத்திசாலித்தனம்.

ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தபின், 30 செ.மீ. நீளத்தை ஒரு நிமிடம் சூடாக்குங்கள். நுனியை நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ கிளப்புங்கள், பிளேடு வேண்டாம். கிளம்பிய நுனியை வெளிப்பக்கமாக நேராக இழுத்தால் பெயிண்ட் மேல் விசை முழுவதும் விழும். கோட்டின் மேலேயே மடக்கி, பாடியை ஒட்டினாற்போலப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பசையில் கொஞ்சம் ஸ்டிக்கரோடே வந்துவிடும், தைலமும் மிச்சம்.

இனி தைலம். நல்ல தைலத்தில் பாதிக்கும் மேல் சினியோல். பசையை ஊறவைத்து இளக்கும் கரைப்பான் அதுதான். மலிவான ரேடியம் ஸ்டிக்கரின் ரப்பர் பசை சட்டென்று கரையும். நல்ல கம்பெனி வினைலின் அக்ரிலிக் பசை கரையாமல் உப்பி மட்டும் வரும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பனியன் வேஸ்ட் துணியை நீளமாகக் கிழித்து, தைலத்தில் நனைத்துப் பசை மேல் ஒட்டி, ஆவியாகாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரால் மூடி ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கார்டால் தள்ளினால் பசை உருண்டு உருண்டு வரும். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பசை பக்கத்தில் பரவும், அதிலிருக்கும் மணலும் பெயிண்டைக் கீறும். இரண்டாம் சுற்றுக்குப் புதுத் துணி. 5, 6 மி.மீ. மெல்லிய கோடு என்றால் இரண்டு பக்கத்துக்கும் 100 மி.லி. போதும். பொலிரோ போன்ற அகல ஸ்டிக்கருக்குக் கால் லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்படத் தைலம் இங்கே தலைவலி. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். நல்ல தைலம் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய்க் கறை நின்றால் ஏதோ கலந்திருக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் படலம் பாடியில் தங்கினால் பாலிஷ் பிடிக்காது, புது ஸ்டிக்கரும் ஒட்டாது. நல்ல தைலமாகவே இருந்தாலும் முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் கழுவத்தான் வேண்டும். தைலத்தைத் தெர்மாகோல் கப்பில் ஊற்றிவிடாதீர்கள், கப் கரைந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். அதே காரணத்தால் ஹெட்லைட்டிலும், பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக்கிலும், கண்ணாடி ஓர ரப்பரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 50 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும் திரவம் இது. தைலம் தடவிய இடத்தில் டிரையரோ ஹீட் கன்னோ காட்டவே கூடாது. குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது, விழுங்கினால் விஷம்.

ஹார்டுவேர் கடையின் மினரல் டர்பன்டைன் இதைவிட மலிவு. ரப்பர் பசைக்கு அதுவே போதும், காசைத் தைலத்தில் கொட்ட வேண்டாம். அக்ரிலிக் பசையில் மட்டும் தைலம் முந்துகிறது. மண்ணெண்ணெய் குளிரில் காயாமல் கிடக்கும். பெட்ரோல் தீ அபாயம். தின்னர் டக்கோவை நிமிடத்தில் கரைத்துவிடும்.

நொறுங்கும் கோட்டுக்கு, டிரில்லில் மாட்டிச் சுழற்றி ஸ்டிக்கரைத் தேய்த்தெடுக்கும் ரப்பர் வீல்தான் சரி. பழுப்பு நிறத்தில், நாலு அங்குல விட்டத்தில் ஆன்லைனில் கிடைக்கிறது. மலைக் கடைகளில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் தேடலாம். 3எம் கம்பெனி வீலுக்கு வேக வரம்பு நிமிடத்துக்கு 4,000 சுற்று. கை டிரில் பெரும்பாலும் 3,000-க்குள் ஓடும், அதில் மாட்டலாம். நாலு அங்குல கிரைண்டரில் மாட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் வம்பு: அது 11,000 சுற்று. வீல் சிதறும், அதற்கு முன்பே பெயிண்ட் தீய்ந்துவிடும். லேசாகத் தொட்டு, ஒரே இடத்தில் நிற்காமல், 15 செ.மீ. முடித்ததும் கை வைத்துச் சூடு பாருங்கள். உறைத்தால் ஆறவிட வேண்டும். பற்கள் வெட்டிய வீல் வழவழப்பான வீலைவிடச் சூடு குறைவு, இரண்டும் கிடைத்தால் பல் வைத்ததை எடுங்கள். கதவு விளிம்பில் வீல் விளிம்பைத் தாண்டி வெளியே சுழலும்படி பிடியுங்கள், உள்நோக்கிச் சுழன்றால் விளிம்பு பெயிண்ட் கிழியும். ரப்பர் தூள் பறக்கும் என்பதால் கண்ணாடியும் மாஸ்க்கும் வேண்டும். டக்கோவிலும் பம்பரிலும் ரப்பர் வீல் கூடவே கூடாது. கம்பெனி பெயிண்ட்டில், தைலத்தை நம்பி மாலை வரை மல்லுக்கட்டும் வேலையை இது ஒரு மணி நேரத்தில் முடிக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், கோடும் நொறுங்கிப்போயிருக்கிறது என்றால் வீலை வாங்குங்கள்.

ஒர்க்ஷாப்பில் கொடுப்பதாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எதை வைத்து எடுப்பீங்கண்ணா?" பிளேடும் தின்னரும் என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டிரையர் அல்லது ஹீட் கன் என்றால், பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பசை போனதும் கோடு இருந்த இடம் புதுக் கலரிலும் சுற்றிலும் வெளுத்தும் தெரியும். பசை மிச்சம் என்று நினைத்து மறுபடி தைலம் போடுபவர்கள் உண்டு; விரலை ஓட்டிப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அது நிற வித்தியாசம். வெள்ளை வண்டியில் பெரிதாகத் தெரியாது, சிவப்பிலும் மெரூனிலும் கண்ணை உறுத்தும். கிளியர் கோட் இல்லாத பெயிண்டில் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் கலவை) போட்டால் வெளுத்த மேல்தோல் துணியில் கலராக வந்து, சுற்றுப்புறம் கோட்டின் நிறத்துக்குக் கிட்டே வரும். கோட்டு இடத்தைத் தேய்க்க வேண்டாம், சுற்றி இருப்பதைத்தான் தேய்க்க வேண்டும். கிளியர் கோட் வண்டியில் காம்பவுண்ட் மேல்மங்கலை மட்டும் எடுக்கும், அடியிலிருக்கும் கலர் வெளுத்திருந்தால் பழைய கோட்டின் நிழல் நிற்கும். இரண்டு சுற்று காம்பவுண்டுக்குப் பிறகும் நிழல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், மேலும் தேய்த்தால் கிளியர் கோட் மெலிந்து ஓரிரு வருடத்தில் உரியத் தொடங்கும். அதே இடத்தில் பழைய கோட்டைவிட 2 மி.மீ. அகலம் கூடிய புதுக் கோடு ஒட்டுவது எவ்வளவோ மலிவு.